அப்பாவை அப்பா என்று கூப்பிட முடியாதவன்

நான் பி.காம். எதைப் பார்த்தாலும் முதலில் டோட்டல் சரியா என்றுதான் கண் போகும். கல்யாண மொய் நோட்டைக்கூட ஒருமுறை அடிக்கூட்டிப் பார்த்து, மாமனாரிடம் முறைப்பு வாங்கியவன்.

அப்படிப்பட்ட என்னை ஒரு ஆள் கவிழ்த்தான். பெயர் ஹோங் கில்டோங்.

2018. ஒரகடத்தில் கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கொரியக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட்டாக இருந்தேன். (பெயர் வேண்டாமே. ஏழு வருஷம் சோறு போட்ட இடம்.) ஒரு நாள் கொரியத் தலைமை ஆபீசிலிருந்து புது எக்ஸெல் படிவம் வந்தது. ஊழியர் விவரங்களை நிரப்பி அனுப்ப வேண்டுமாம். திறந்தால் முதல் வரியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். ஹோங் கில்டோங். பிறந்த தேதி இருக்கிறது, டிபார்ட்மென்ட் இருக்கிறது. பி.எஃப். எண் மட்டும் இல்லை.

விடுவேனா? ஒரு மெயில் தட்டினேன். 'மேற்படி திரு. ஹோங் கில்டோங் அவர்களின் பி.எஃப். எண், வங்கிக் கணக்குப் புத்தக நகல் உடனடியாகத் தேவை. தவறினால் இந்த மாதச் சம்பளம் போட இயலாது.' மேலிடத்தில் நாலு பேருக்கு நகலும் அனுப்பினேன். வேலை செய்வது தெரிய வேண்டாமா!

பத்தே நிமிஷம். மாடியில் கொரியர்கள் உட்காரும் ஹாலிலிருந்து அப்படி ஒரு சிரிப்பு. கிம் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தார். (கொரியாவில் ஐந்தில் ஒருவருக்கு கிம் என்றுதான் குடும்பப் பெயர். அதனால் யாரென்று நீங்கள் கண்டுபிடிக்க முடியாது.) அவருடைய ஆங்கிலம் என்னுடையதைவிட மோசம். அதனாலேயே எங்களுக்குள் நன்றாகப் புரிந்தது.

விஷயம் இதுதான். நம் ஊரில் மாதிரிப் படிவத்தில் ராமன், முருகன் என்று ஏதாவது ஒரு பெயர் போடுகிறோம் அல்லவா? கொரியாவில் பேங்க் சலான் முதல் அரசாங்க விண்ணப்பம் வரைக்கும் மாதிரிப் பெயர் ஹோங் கில்டோங்தான். அவன் ஒரு பழைய கதையின் ஹீரோ!

அன்று மதியம் கேன்டீனில் கிம் சார் அந்தக் கதையைச் சொன்னார். கேட்ட பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முறை தவறிப் பிறந்தவன்

ஹோங் கில்டோங்கின் அப்பா பெரிய மந்திரி. அம்மா அதே வீட்டு வேலைக்காரி. பையன் கெட்டிக்காரன். படிப்பு, வாள் வீச்சு, மாயமந்திரம் எல்லாம் அத்துப்படி. ஆனாலும் ஒன்று மட்டும் முடியாது. அப்பாவை 'அப்பா' என்று கூப்பிட முடியாது. அண்ணனை 'அண்ணா' என்று கூப்பிட முடியாது. ஒரே வீடு, ஒரே ரத்தம். ஆனால் 'ஐயா' என்றுதான் அழைக்க வேண்டும்.

இது கதாசிரியரின் கற்பனை என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைய சட்டமே அதுதான்! 1392 முதல் 1910 வரை கொரியாவை ஆண்டது ஜோசன் வம்சம். கன்ஃபூஷியஸ் வழியில் எல்லாவற்றுக்கும் படிநிலை வைத்த அரசு. யாங்பான் என்கிற மேல்தட்டு, அதற்குக் கீழே நடுத்தரம், சாதாரண ஜனம், கடைசியில் அடிமைகள். மேல்தட்டு அப்பாவுக்குப் பிறந்தாலும் அம்மா இரண்டாம் தாரமோ வேலைக்காரியோ என்றால், அந்தப் பிள்ளை பெரிய உத்தியோகத்துக்கான அரசுத் தேர்வை எழுதக் கூடாது. 1485-ல் முழுமையான ஜோசன் சட்டத் தொகுப்பிலேயே இந்தத் தடை ஏறிவிட்டது. ஒட்டுமொத்தமாக ஒழிந்தது 1894 சீர்திருத்தத்தில். நானூறு வருஷம் சார்!

மீதிக் கதை? அப்பாவின் இன்னொரு ஆசைநாயகி கில்டோங்கைத் தீர்த்துக்கட்ட ஆள் அனுப்புகிறாள். வந்தவனை முடித்துவிட்டு, வீட்டை விட்டுக் கிளம்புகிறான். விடைபெறும் அந்த ராத்திரியில்தான் அப்பா மனமிரங்கி, 'இனிமேல் என்னை அப்பா என்றே கூப்பிடு' என்கிறார். பிறகு கொள்ளைக் கூட்டத் தலைவனாகி, லஞ்ச அதிகாரிகளின் களஞ்சியத்தை உடைத்து ஏழைகளுக்குக் கொடுக்கிறான். வைக்கோலில் தன்னைப் போலவே ஆட்களைச் செய்து எட்டு மாகாணத்துக்கும் அனுப்பி, ராஜாவுக்கே தலைசுற்ற வைக்கிறான். பிடிக்க முடியாத ராஜா கடைசியில் ராணுவ மந்திரிப் பதவியே கொடுக்கிறார். கில்டோங் அதை வாங்கிக்கொண்டு, 'நன்றி' சொல்லிவிட்டு நாட்டை விட்டே போய், கடலுக்கு அப்பால் ஒரு தீவில் தானே ராஜாவாகிறான்.

எம்.ஜி.ஆர். நடித்திருந்தால் நூறு நாள் ஓடியிருக்கும்!

இதை எழுதியவர் ஹோ கியுன் என்று வழிவழியாகச் சொல்வார்கள். 1569-ல் பிறந்தவர். பெரிய இடத்துப் பிள்ளை, அரசாங்க அதிகாரி. ஆனால் அவருக்குக் கவிதை சொல்லிக்கொடுத்த வாத்தியார் முறை தவறிப் பிறந்தவர் என்று ஒதுக்கப்பட்டவர். கூட்டாளிகளிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. 1618-ல் ராஜத்துரோகம் என்று சொல்லி அவரைக் கொன்றுவிட்டார்கள். இன்று கையில் கிடைக்கும் பிரதிகள் அவர் காலத்துக்கு மிகவும் பிந்தியவை. அவர்தான் எழுதினாரா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். போடட்டும். கதையை மட்டும் ஜனங்கள் விடவில்லை.

ராஜா கண்டுபிடித்த எழுத்து

ஜனங்கள் எப்படிப் படித்தார்கள்? அதற்குப் பின்னால் இன்னொரு கதை.

அந்தக் காலத்தில் கொரியாவில் படித்தவன் என்றால் சீன எழுத்து தெரிந்தவன். ஆயிரக்கணக்கான எழுத்து, கற்றுக்கொள்ளவே பாதி ஆயுசு போகும். ஏர் உழுகிறவன் எங்கே கற்பது? மனு எழுதக்கூட இன்னொருவன் காலைப் பிடிக்க வேண்டும். இதைப் பார்த்து வருத்தப்பட்ட ராஜா செஜோங், 1443-ல் 28 எழுத்து கொண்ட புதிய வரிவடிவத்தை உருவாக்கி 1446-ல் வெளியிட்டார். சாதாரண ஜனங்கள் சொல்ல நினைத்ததைச் சொல்ல முடியாமல் தவிக்கிறார்களே, அவர்களுக்காகத்தான் இது என்று முன்னுரையில் காரணமும் சொன்னார். அதுதான் ஹங்குல். இன்று புழக்கத்தில் 24.

ஸ்ரீபெரும்புதூர் நெடுஞ்சாலையில் கொரிய ஓட்டல் போர்டுகளில் கட்டம் கட்டமாக, வட்டமும் கோடுமாகத் தெரிகிறதே, அதேதான். வாயில் நாக்கும் உதடும் இருக்கும் நிலையைப் பார்த்து மெய்யெழுத்துக்கு வடிவம் கொடுத்திருக்கிறார்கள். நாம் உயிர், மெய், உயிர்மெய் என்கிறோம். அவர்கள் உயிரெழுத்தைத் தாய் ஒலி என்றும், மெய்யைப் பிள்ளை ஒலி என்றும் சொல்வார்கள்.

பண்டிதர்கள் சும்மா இருப்பார்களா? 1444-லேயே சோ மல்லி என்கிற அறிஞர் தலைமையில் எதிர்ப்பு மனு. 'சீனாவை விட்டுத் தனி எழுத்து வைத்துக்கொள்வது காட்டுமிராண்டிகள் வேலை' என்ற ரீதியில்! பிறகு வந்த இயோன்சான் என்கிற கொடுங்கோலன், தன்னைத் திட்டி ஹங்குலில் யாரோ சுவரொட்டி ஒட்டியதால் 1504-ல் அந்த எழுத்துக்கே தடை போட்டான். வேடிக்கை என்னவென்றால், 1500-ல் ஹோங் கில்டோங் என்ற பெயருள்ள நிஜக் கொள்ளைக்காரன் ஒருவன் பிடிபட்டதாக அரசுக் குறிப்பில் இருப்பதும் இதே ராஜாவின் காலத்தில்தான்.

படித்தவர்கள் 'பெண்பிள்ளை எழுத்து' என்று கேலி செய்த அந்த எழுத்தில்தான் பெண்கள் கடிதம் எழுதினார்கள். கதைகள் கைக்குக் கை மாறின. அப்பாவை அப்பா என்று சொல்ல முடியாதவன் கதை, ராஜசபையில் ஏற முடியாத எழுத்தில் பரவியது!

நமக்கு என்ன சம்பந்தம்?

இந்த இடத்தில் வாட்ஸ்அப் பல்கலைக்கழகத்தில் படித்த நண்பர் ஒருவர் குறுக்கே வருவார். 'சார், கொரிய மொழியே தமிழிலிருந்து வந்ததுதான். அவங்களும் அம்மா, அப்பான்னுதான் கூப்பிடறாங்க!'

பாதி நிஜம். வீட்டில் 'ஒம்மா', 'அப்பா' என்கிறார்கள். இந்த ஒற்றுமையைப் பார்த்து அசந்தது நாம் மட்டும் இல்லை. கொரியாவில் வாழ்ந்த ஹோமர் ஹல்பெர்ட் என்கிற அமெரிக்கர் 1905-லேயே கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணப் புத்தகமே போட்டார். ஆனால் இன்றைய மொழியியலாளர்கள் இந்த உறவை ஒப்புக்கொள்வதில்லை. அம்மா, அப்பா போன்ற சத்தங்கள் உலகத்தில் பல மொழிக் குழந்தைகளுக்கும் முதலில் வருபவை.

இன்னொரு கதை இளவரசியுடையது. 13-ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்கிற பிட்சு தொகுத்த 'சம்குக் யுசா' நூலில் வருகிறது. கி.பி. 48-ல் 'அயுதா' என்ற தேசத்திலிருந்து கப்பலில் வந்த பதினாறு வயது இளவரசி ஹோ ஹ்வாங் ஓக், கயா நாட்டு ராஜா சுரோவை மணந்தாள் என்கிறது. அயுதா என்றால் அயோத்தி என்று சொல்லி அங்கே 2001-ல் நினைவுச் சின்னமே எழுப்பிவிட்டார்கள். இல்லை, அது தமிழ்நாட்டுக் கடற்கரை என்று இங்கே ஒரு கட்சி. நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரத்து இருநூறு வருஷம் கழித்துத் தொகுத்த நூலை வைத்து ஊரை முடிவு செய்ய முடியாது.

ஆனால் அதில் எனக்குப் பிடித்த இடம் வேறு. 'என் பிள்ளைகளில் இரண்டு பேராவது என் பெயரைச் சுமக்கட்டும்' என்று ராணி கேட்டாளாம். ராஜாவும் சம்மதித்தானாம். அதனால்தான் கிம்ஹே ஊர்க் கிம் குலமும் ஹோ குலமும் ஒரே வேர் என்றும், நம்மூர்ப் பங்காளி முறை மாதிரி பெண் கொடுத்து எடுப்பதில்லை என்றும் வழக்கம் வந்தது. ஹோ கியுனின் குலமும் அந்த ராணி வழிதான் என்று அவர்கள் வம்சாவளி சொல்லும்.

எழுத்தில் பதிந்த இன்னொரு தொடர்பு ஒரகடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. தென்னிந்தியாவிலிருந்து சீனா போன வஜ்ரபோதி என்கிற பௌத்த குருவுக்குக் காஞ்சிப் பல்லவ ராஜாவிடம் தொடர்பு இருந்ததாகச் சீன நூல்கள் சொல்கின்றன. அவரிடம் சீனாவில் பாடம் கேட்டவர்களில் ஒருவர் ஹேச்சோ, கொரியாக்காரர். 8-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்து சுற்றிப் பார்த்துப் பயணக் குறிப்பு எழுதினார். அது 1908-ல் சீனாவின் துன்ஹுவாங் குகையில் கிடைத்தது. ஆக, 1996-ல் ஹூண்டாய் வந்து இருங்காட்டுக்கோட்டையில் இடம் பிடிப்பதற்கு ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் வருஷம் முன்பே காஞ்சிக்காரர்கள் அறிந்த ஒருவரிடம் ஒரு கொரியர் டிரெயினியாக இருந்திருக்கிறார்!

ரூமில் ஒரு விமர்சகர்

அன்று ராத்திரி இந்தக் கதையை ரூமில் சொன்னேன். ஒரகடம் பேச்சிலர் ரூம் தெரியுமல்லவா? பத்துக்குப் பன்னிரண்டு. ஆறு பேர் வாடகை. ஷிப்ட் கணக்கில் மூன்று பாய். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் கிடையாது. ஊர்தான் பெயர். போளூர், திண்டிவனம், செய்யாறு.

செய்யாறு எங்கள் கம்பெனியிலேயே பிரஸ் ஷாப்பில் வேலை. என்னைவிட நாலு வயசு சின்னவன். டிப்ளமா. கூத்துப் பைத்தியம். தெருக்கூத்துக்குப் பேர் போன புரிசை அவன் தாலுகாதான்.

முழுக் கதையும் கேட்டுவிட்டு, 'இன்னாண்ணா இது, நம்ம கர்ணன் கதை!' என்றான்.

எனக்குப் பொறி தட்டியது. ஆமாம்! அம்மாவை அம்மா என்று கூப்பிட முடியாதவன் கர்ணன். தம்பியைத் தம்பி என்று சொல்ல முடியாதவன்.

'ஆனா ஒரு வித்தியாசம்ணா. கர்ணன் ஒரு நாட்டை வாங்கிக்கினு நன்றிக்கடன்ல செத்துப் போனான். இந்தாளு, உன் வேலையும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு தனியாப் போயி ராஜா ஆயிட்டான். கெட்டிக்காரன்ணா!'

இலக்கிய விமர்சனத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கூட இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

கொரியாவிலும் கூத்து மாதிரி ஒன்று உண்டு என்றேன். பான்சோரி. ஒரே ஒரு பாடகர், ஒரே ஒரு மத்தளக்காரர். மணிக்கணக்காகப் பாட்டும் வசனமுமாக ஒரு கதை. நடுவில் ஜனங்கள் 'பலே' போடுவது மாதிரி குரல் கொடுத்து உற்சாகப்படுத்த வேண்டும். அதில் பிரபலம் சுன்ஹ்யாங் கதை. கணிகையின் மகள், அதிகாரியின் பையனைக் காதலிக்கிறாள். புதிதாக வந்த ஊர்த் தலைவன் ஆசைக்கு இணங்க மறுத்துச் சிறைக்குப் போகிறாள். காதலன் பிச்சைக்காரன் வேஷத்தில் ராஜாவின் ரகசிய அதிகாரியாக வந்து மீட்கிறான். அங்கேயும் பிரச்சினை அதேதான். யார் வயிற்றில் பிறந்தாய்?

'அங்கியும் அதானா?' என்று பாயை உதறிப் போட்டான் செய்யாறு. மறுநாள் அவனுக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட்.

'அந்தப் பெயரில் யாரும் இல்லை'

இரண்டு மாதம் போயிருக்கும். ஹெச்.ஆர். டேபிளிலிருந்து குரல் வந்தது. ஒரு பெயரைச் சொல்லி, 'இந்த ஆள் நம்ம பே ரோல்ல இருக்காரா பாரு. யாரோ போன்ல கேக்கறாங்க.' அந்த வட்டாரத்தில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கிற பெயர். பட்டியலில் தேடினேன். இல்லை. 'அந்தப் பெயர்ல யாரும் இல்ல சார்' என்று இங்கிருந்தே கத்தினேன். அவரும் போனில் அப்படியே சொன்னார். ஒரு நிமிஷ வேலை.

ராத்திரி ரூமுக்குப் போனால் செய்யாறு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். பெண் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை கொரியக் கம்பெனியில் வேலை என்று சொல்லியிருந்தார்கள். பெண்ணின் மாமா போன் போட்டு விசாரித்திருக்கிறார். 'அப்படி ஒருத்தரே இல்லையாமே! பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணப் பாக்கறீங்களா?'

மூன்று வருஷமாக அந்த யூனிஃபார்ம் போட்டவன். அந்த பஸ்ஸில் போனவன். அந்த மெஷினில் நின்றவன். ஆனால் கான்ட்ராக்ட். அவன் பெயர் கான்ட்ராக்டர் நோட்டில்தான் இருக்கும்.

எங்கள் கணக்கில் அவன் எங்கே இருந்தான் தெரியுமா? நான்தான் மாதாமாதம் என்ட்ரி போட்டேன். பெர்மனென்ட் ஆட்களுக்கு 'சம்பளம்' என்ற தலைப்பு. செய்யாறுக்கு 'இதர செலவுகள்'. மேன்பவர் சப்ளை, இத்தனை தலை, கூட 18 சதவீதம் ஜி.எஸ்.டி. பக்கத்து வரியில் ஹவுஸ்கீப்பிங், அதற்கடுத்து செடிக்குத் தண்ணீர் லாரி. கணக்கு விதிப்படி தவறே இல்லை. ஆடிட்டர் டிக் போட்டுக் கொடுத்தார். டோட்டலும் சரியாகத்தான் இருந்தது.

'நான்தான்டா இல்லைன்னு சொன்னேன்' என்றேன்.

திரும்பாமலே சொன்னான். 'நீ என்னாண்ணா பண்ணுவ? லிஸ்ட்ல இல்லதான?'

மாதிரிப் படிவத்தில்கூட ஹோங் கில்டோங்குக்கு முதல் வரி கிடைத்தது. என் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவனுக்கு ஒரு வரி இல்லை.

நாமா, நாங்களா?

கிம் சார் நல்ல மனுஷர். அடிக்கடி 'ஊரி ஹ்வேசா' என்பார். ஊரி என்றால் நம்ம. ஹ்வேசா என்றால் கம்பெனி. கொரியர்களுக்கு எல்லாமே ஊரிதான். 'என் அம்மா' என்று சொல்ல மாட்டார்கள், 'ஊரி ஒம்மா'. 'ஊரி வீடு', 'ஊரி நாடு'. நம்ம ஊர் மாதிரியே!

ஆனால் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. நமக்கு 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. கேட்கிறவனையும் சேர்த்துக்கொண்டால் நாம். வெளியே நிறுத்தினால் நாங்கள். கொரிய 'ஊரி' இரண்டுக்கும் பொது. கிம் சார் 'ஊரி ஹ்வேசா' என்று சொல்லும்போது, அதில் செய்யாறு உண்டா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாது. தமிழில் மொழிபெயர்க்கும்போதுதான் மாட்டிக்கொள்வோம்.

பெயர் என்பது சின்ன விஷயம் இல்லை. 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். 37 நாள். சம்பளம், சங்க அங்கீகாரம் எல்லாம் கோரிக்கையில் இருந்தன. கூடவே ஒரு பெயர்ச் சண்டை! சங்கத்தின் பெயரில் 'சாம்சங்' என்ற சொல் வரக் கூடாது, அது எங்கள் வர்த்தக முத்திரை என்றது நிர்வாகம். அங்கே வேலை செய்யும் நாங்கள் வேறு எந்தப் பெயரைச் சொல்வது என்றார்கள் தொழிலாளர்கள். 2025 ஜனவரியில் அந்தப் பெயரோடுதான் சங்கம் பதிவானது. பேப்பரில் படித்தபோது எனக்கு வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை, ஹோங் கில்டோங்தான்.

இனி கொரிய இலக்கியம் என்றால் பயந்து பக்கத்தைத் திருப்பாதீர்கள். கொரிய சீரியல்களை ராத்திரி இரண்டு மணி வரை பார்க்கிறீர்களே, அதில் ராஜா காலத்துக் கதை வந்தால் கொஞ்சம் கவனியுங்கள். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். பாதிக் கதை அதில் இருக்கும். மொழியே கற்க வேண்டும் என்றால் சென்னையில் 2006 முதல் இன்கோ சென்டர் இருக்கிறது. 24 எழுத்துதான். நம் 247-ஐ முடித்தவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா?

செய்யாறு என்ன ஆனான்? அடுத்த வருஷமே வேலையை விட்டான். கிளம்பும்போது கான்ட்ராக்டர் 'வேற கம்பெனியில போடறேன், இருடா' என்று சொல்லியும் கேட்கவில்லை. லோன் போட்டு ஒரு பழைய டாடா ஏஸ் வாங்கினான். இப்போது இரண்டு வண்டி. அதே ஒரகடத்தில் அதே கம்பெனிகளுக்குத்தான் லோடு அடிக்கிறான். கல்யாணமும் ஆகிவிட்டது, வேறு பெண்.

போன மாதம் வல்லக்கோட்டை முருகன் கோயில் பக்கம் பார்த்தேன். 'வாண்ணா, டீ சாப்பிடலாம்' என்று வண்டியை ஓரம் கட்டினான். எல்லாரும் வண்டிப் பின்னால் அம்மா பெயர், குழந்தை பெயர், குலதெய்வம் பெயர் எழுதுவார்கள். இவன் தன் பெயரையே எழுதியிருந்தான். இனிஷியலோடு, பெரிய மஞ்சள் எழுத்தில்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

'என்னாண்ணா பாக்கற?'

'ஒண்ணும் இல்லடா. உனக்கு பி.எஃப். எண் இருக்கா?'

'கிடையாதுண்ணா' என்று சிரித்தான்.

மாதிரிப் படிவத்திலும் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்தது.